பூட்டுப் போட்ட வரிசை

என் அப்பா இந்திய நாட்டை இரண்டாம் ஆண்டு, மூன்றாம் மாதத்தில் கவிழ்த்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தடுக்க முடியவில்லை.

நல்லவேளை, அது நிஜ நாடு இல்லை. இணையத்தில் ஆடும் விளையாட்டு. பொருளாதாரம் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிற எனக்கு வகுப்பில் கொடுத்த வேலை. 'நீங்களே நிதியமைச்சர்' என்று ஒரு தளம். உள்ளே போனால் ஒன்றிய அரசின் பட்ஜெட் மொத்தமும் உங்கள் கையில். வரியை ஏற்றலாம், மானியத்தை வெட்டலாம், கடன் வாங்கலாம். ஐந்து வருடம் ஆட்சியை ஓட்டிவிட்டால் ஜெயித்தீர்கள். நடுவில் 'மக்கள் மனநிலை' என்கிற முள் சிவப்புக்குப் போய்விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பொருளாதாரம் படிக்காத மூன்று பேரை ஆட வைத்து, எதை வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இருபது மதிப்பெண்.

முதல் ஆளாக அப்பாவைப் பிடித்ததில் எனக்கு ஓர் உள்நோக்கம் இருந்தது. மறைக்க மாட்டேன். அது ஒரு ஸ்கூட்டர்.

என் அம்மா கந்தம்மாளுக்கு ஒரு ஸ்கூட்டர் வேண்டும். ஆறு வருடமாக வேண்டும். எங்கள் வீடு புதுச்சத்திரம் பக்கம். கோழிப்பண்ணை அங்கிருந்து இரண்டு மைல். பத்தாயிரம் முட்டைக்கோழி. காலையில் அப்பா தன் பைக்கில் அம்மாவைக் கொண்டுபோய்ப் பண்ணையில் இறக்குவார். இறக்கிவிட்டு, தீவனம் பார்க்க, முட்டை விலை பேச என்று நாமக்கல் போய்விடுவார். "ரெண்டு மணிக்கு வாரேன்" என்பார். வருவார். இரண்டு நாற்பதுக்கு. அதுவரை அம்மா பண்ணை வாசலில், வேப்பமரத்தடியில் நிற்பார்.

(அப்பாவுக்கு 'ஆர்' போட்டும் அம்மாவுக்கு 'ஆள்' போட்டும் எழுதுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஏன் கிடையாது என்று இரண்டு பக்கம் எழுத முடியும். கதை நகராது என்பதால் விடுகிறேன்.)

நான் கணக்குப் போட்டேன். தினம் நாற்பது நிமிடம், ஆறு வருடம். மொத்தம் அறுபது நாள். இரண்டு முழு மாதம், இரவு பகலாக, என் அம்மா ஒரு மரத்தடியில் நின்றிருக்கிறார்! இதை நான் அப்பாவிடம் புள்ளிவிவரத்தோடு எடுத்து வைத்தேன். ஸ்கூட்டர் என்பது வெறும் செலவு இல்லை, மூலதனச் செலவு, போட்ட பணம் திரும்பி வரும் என்று விளக்கினேன். படம் வரைந்தும் காட்டினேன்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். அவரிடம் அது ஒரு நல்ல குணம். கடைசியில் ஒரே வரியில் தீர்ப்பு:

"தீவன வெலை எறங்கட்டும் சாமி."

கோழித் தீவன விலை இறங்கியதாக இந்த ஜில்லாவில் யாருக்கும் நினைவு இல்லை.

"அதுமில்லாம ஸ்கூட்டர் எதுக்கு உங்கம்மாளுக்கு? நான் கொண்டுட்டுப் போய் உடமாட்டனா?"

ஆகவே, விளையாட்டிலாவது அப்பா பாடம் படிக்கட்டும் என்று லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன்.

"மத்திய பட்ஜெட்டா?"

"ஒன்றிய பட்ஜெட்டுங்கப்பா."

"ஏதோ ஒண்ணு. பத்தாயிரம் கோழிய வெச்சு மேய்க்கறவனுக்கு இதென்ன பிரமாதம்? கொண்டா அந்தப் பொட்டிய."

செலவுப் பட்டியல் வந்தது. அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"என்ன சாமி, எடுத்ததுமே வட்டின்னு போட்டிருக்குது?"

"நாடு முன்னாடி வாங்குன கடனுக்கு வட்டிங்கப்பா."

"இத்தனையா? மொதல்ல இதை வெட்டு." அமுக்கினார். அமுங்கவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார். லேப்டாப்தான் பின்னால் நகர்ந்தது. "ஏன் அசைய மாட்டேங்குது?"

"அந்த வரிசையில பூட்டுப் படம் போட்டிருக்குது பாருங்க. அதுல கை வைக்க முடியாது. எந்தக் கொம்பன் அமைச்சரா வந்தாலும் வட்டியக் கட்டிட்டுத்தான் மத்ததுக்குப் போகோணும்."

"அநியாயமா இருக்குதே! எவனோ வாங்குன கடனுக்கு நான் ஏன் கட்டோணும்?"

"இத்தனை வருசம் பொருளாதாரம் படிச்சு நாங்க கேக்கறதும் அதேதானுங்கப்பா."

மற்ற வரிசைகளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்குத் தெரியும். பண்ணையில் பார்த்திருக்கிறேன்.

"இந்த நாட்டுக்கு ஒரு மோல்டிங் போட்டரலாம் சாமி."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றரை வருடம் முட்டையிட்டு ஓய்ந்துபோன கோழிக்குப் பத்து நாள் தீவனத்தை நிறுத்துவார்கள். இறகெல்லாம் உதிர்ந்து கோழி அம்மணமாக நிற்கும். மறுபடி தீவனம் போட்டால் புது இறகு முளைக்கும், புதுக்கோழி மாதிரி முட்டையிடும். இதற்குப் பெயர் மோல்டிங். கோழிக்கு அது நியாயமா என்று நான் அப்பாவிடம் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறேன். அது வேறு கதை.

"பள்ளிக்கூடம், பாதி. ஆஸ்பத்திரி, பாதி. குடிதண்ணி, எதுக்கு இவ்வளவு? கால்வாசி போதும். ரோடு, இருக்கற ரோடு பத்தும். ஒரு வருசம் எல்லாம் உதுரட்டும். அடுத்த வருசம் பாரு, நாடு மொட்டு மொட்டுன்னு முட்டை உடும்."

"அப்பா, அது நாடுங்கப்பா!"

"நாடும் ஒரு பெரிய ஷெட்டுதான் சாமி."

செலவை ஏற்றியது ஒன்றே ஒன்றில். நாடு முழுக்கப் பள்ளிக்கூட மதிய உணவில் பிள்ளைக்குத் தினம் இரண்டு முட்டை. தேசபக்தி என்றார். பிறகு, தீவனம் மலிவாகட்டும் என்று வெளிநாட்டு மக்காச்சோளத்துக்கு இறக்குமதி வரியைச் சுத்தமாக எடுத்தார். திரையில் ஊர்வலம் கிளம்பியது.

"ஆரு இது, கொடி புடிச்சுட்டு?"

"மக்காச்சோளம் போடற விவசாயிங்கப்பா. வெலை போச்சுன்னு வந்துட்டாங்க."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, ஆத்தூர்ல என்ற அண்ணன் போட்ட சோளத்துலயும் மண்ணைப் போட்டுப்போட்டீங்களா?"

"சும்மா இரு புள்ள. இது வெளையாட்டு!"

"வெளையாட்டுல கூட என்ற அண்ணன்தான் கெடைச்சாருங்களா?"

முள் சிவப்புக்குப் போனது. திரையில் பெரிய எழுத்து: 'நீங்கள் பதவி விலகுகிறீர்கள்.'

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "நான் எப்ப வெலகறேன்னு சொன்னேன்?"

அங்கேயே அவர் விட்டிருப்பார் என்று நினைத்தால் உங்களுக்கு என் அப்பா குழந்தைவேலைத் தெரியாது என்று அர்த்தம். எங்கள் பண்ணையின் முட்டை வண்டி டிரைவர் சின்னண்ணன் இரண்டாவது ஆளாக ஆடினார். சுங்கச்சாவடிகளை எல்லாம் மூடி, டீசல் வரியை எடுத்து, முதல் வருடமே கஜானாவைத் துடைத்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். "ஒரு வருசம் இருந்தாலும் ராசா மாதிரி இருந்தேன் பாப்பா" என்றார். அப்பா அந்த ரகம் இல்லை. மறுநாள் சாயங்காலம் பண்ணையிலிருந்து வந்ததும் கால் கழுவிவிட்டு நேராக லேப்டாப்புக்கு வந்தார். அதற்கும் மறுநாள். அதற்கும் மறுநாள். ஒரு பழைய நோட்டு எடுத்து, எதை வெட்டினால் யார் ஊர்வலம் வருவார்கள் என்று குறித்துக்கொண்டார். என் வகுப்பில் பாதிப்பேர் இவ்வளவு சிரத்தையாகப் படிக்கவில்லை. கோபத்தையும் மீறி எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஆனால் இரண்டாம் வருடத்தைத் தாண்ட முடியவில்லை. ஒன்பது முறை கவிழ்ந்தார். நான் கொள்கை விளக்கம் கொடுத்தேன். பற்றாக்குறை, மொத்தத் தேவை, பெருக்கி விளைவு. பத்தாவது முறையும் கவிழ்ந்தார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்:

"ஏனுங்க, மோல்டிங் போடறப்பத் தீவனத்தத்தான நிறுத்துவீங்க?"

"ஆமா."

"தண்ணிய நிறுத்துவீங்களா?"

"தண்ணிய நிறுத்துனா ரெண்டே நாள்ல கோழி செத்துப்போயிருமே."

"நாட்டுக்கு மட்டும் தண்ணியச் சேத்து நிறுத்திப்புட்டீங்களே."

அப்பா திரையைப் பார்த்தார். குடிதண்ணீரையும் ஆஸ்பத்திரியையும் மேலே ஏற்றினார். இரண்டாம் வருடம் தாண்டியது. மூன்றாம் வருடமும் தாண்டியது.

"நம்ம ரோசனை பலிச்சுது பாத்தியா!" என்று தன் தொடையில் தட்டினார்.

'நம்ம' ரோசனையாம்! நான் சண்டைக்கு எழுந்தேன். அம்மா கண்ணாலேயே உட்காரச் சொன்னார்.

"அம்மா, நீங்களும் ஆடுங்க. எனக்கு மூணாவது ஆள் வேணும்."

"எனக்குச் சோலி கெடக்குது சாமி." எழுந்தவர், என்னிடம் ஒன்று கேட்டார். "அந்தப் பூட்டுப் போட்ட வரிசை இருக்குதல்ல, அதுல இருக்கறதெல்லாம் எப்பிடி அதுக்குள்ள போய்ச் சேந்துச்சு?"

எனக்கு இப்படிக் கேள்வி கேட்டால் போதும். உள்நாட்டுக் கடன், வெளிநாட்டுக் கடன், கடன் பத்திரம், முதிர்ச்சிக் காலம் என்று கால் மணி நேரம் பேசினேன்.

"அதெல்லாஞ் செரி. சுருக்கமாச் சொல்லு."

"கடன் வாங்குறதுக்கு முந்தி நூறு விவாதம் பண்ணலாம்மா. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டா அது பூட்டுக்குள்ள போயிரும். அப்புறம் எவனும் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஓ" என்றார் அம்மா. வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த 'ஓ'வை நான் கவனித்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் 'ஓ'வைக் கவனிக்கச் சொல்லித் தருவதில்லை.

தைப்பொங்கல் வந்து போனது. அப்பா இருபது முறை ஆட்சிக்கு வந்துவிட்டார். தினம் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் நானும் அவரும் நாட்டைக் காப்பாற்றினோம். அம்மா அந்த நேரத்தில் மகளிர் குழுக் கூட்டம் என்று பக்கத்துத் தெரு அங்கம்மாள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். ஒருநாள் கெண்டைக்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"கால்ல என்னம்மா?"

"தீவன மூட்டை சரிஞ்சு உழுந்துருச்சு சாமி."

"பாத்துப் புழங்கக் கூடாதா?" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான்காம் வருட நெருக்கடி ஒன்று உண்டு. ரூபாய் மதிப்பு சரியும், எண்ணெய் விலை ஏறும், கடிகாரம் ஒன்று டிக் டிக் என்று ஓடும். அறுபது நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அப்பாவுக்கு வேர்த்துக்கொட்டியது. சரியாக அப்போது அம்மா ஒரு தாளும் பேனாவுமாக வந்து நின்றார்.

"ஏனுங்க, குழுவுல இருந்து குடுத்தாங்க. ஊட்டுக்காரரு கையெழுத்து வேணுமாம்."

"இரு புள்ள, ரூபா சரியுது!"

"சித்த படிச்சுப் பாத்துட்டுப் போடுங்களே."

"நாடே முழுகுது, இப்பப் போயிப் படிக்கறதாம்! எங்க போடோணும்?"

"இங்கீங்க. இங்கயும் ஒண்ணு. அடியில ஒண்ணு."

மூன்று கையெழுத்து. ரூபாய் நிமிர்ந்தது. "ஏறுது பாரு, ஏறுது பாரு!" என்று அப்பா கூத்தாடினார். நானும் கை தட்டினேன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று, தினம் நாட்டின் கடன் பத்திரங்களைப் பற்றிப் பேசுகிற நானும் எட்டிப் பார்க்கவில்லை.

முப்பத்தொன்றாவது ஆட்டத்தில் அப்பா ஐந்து வருடத்தையும் முடித்தார். திரையில் பட்டாசு வெடித்தது. 'சிறந்த நிதியமைச்சர்' என்று ஒரு சான்றிதழ். அதை, நான் படிக்கப் போகிற சேலத்தில் அச்சுப்போட்டுச் சட்டம் மாட்டிக்கொண்டு வரச் சொன்னார். நான்தான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பண்ணை உரிமத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

மாட்டிய கையோடு பிரகடனம் வந்தது.

"இனி இந்த ஊட்டுக்கும் பட்ஜெட்டுதான். டெல்லியில ஒண்ணாந்தேதி போடறாங்க. நான் முப்பத்தொண்ணாந்தேதியே போடறேன். ஒரு நா முந்தி! எவ எவ எதைக் கேட்டாலும் இனி பட்ஜெட்டுல இருக்குதான்னு பாத்துத்தான்."

"எவ எவன்னா யாருங்கப்பா?" என்றேன். வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

"ஸ்கூட்டர் உண்டா?" என்று நானே மறுபடி கேட்டேன்.

"அது ரகசியம். பட்ஜெட் ரகசியம்." ஆனால் முகத்தில் 'தீவன வெலை எறங்கட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

நான் வெடித்தேன். இத்தனை நாள் விளையாடி என்ன கற்றுக்கொண்டீர்கள், சாலையில் போட்ட பணம் மூன்றாம் வருடம் திரும்பி வந்ததை உங்கள் நோட்டிலேயே குறித்திருக்கிறீர்களே, அம்மாவுக்கு மட்டும் அந்தப் பொருளாதாரம் பொருந்தாதா என்று அரைமணி நேரம் பேசினேன். அப்பா தலையாட்டித் தலையாட்டி ரசித்தார். "நல்லாப் பேசற சாமி. வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றார்.

அம்மா முப்பத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை காலை, வாணலியை அடுப்பில் ஏற்றி அல்வா கிண்டினார்.

அல்வாவைப் பற்றி உங்களுக்கு இப்போது தோன்றுகிற நகைச்சுவையை நான் சொல்லப்போவதில்லை. இது நாட்டு வழக்கம். பட்ஜெட்டுக்கு முன்னால் டெல்லியில் அல்வா கிண்டுவார்கள். பிறகு, விஷயம் தெரிந்த அதிகாரிகளை எல்லாம் பட்ஜெட் படிக்கும்வரை வெளியே விடமாட்டார்கள். போனும் கிடையாது. விளையாட்டின் முதல் பக்கத்திலேயே இதைப் படத்தோடு போட்டிருந்தது. அப்பா அதை அம்மாவுக்கு நான்கு முறை படித்துக் காட்டியிருந்தார்.

"அல்வா ஆச்சுங்க" என்றார் அம்மா. "இனி உள்ள போறவங்க பட்ஜெட் படிக்கறமுட்டும் வெளிய வரக்கூடாதல்லீங்?"

அப்பாவுக்குப் புல்லரித்துவிட்டது. தான் சொன்னதை மனைவி இவ்வளவு மதித்தது இருபத்துநாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை. தட்டில் அல்வாவோடு ஆபீஸ் அறைக்குள் போனார். போனை அவரே எடுத்து நீட்டினார்.

"ரகசியந் தெரிஞ்சவங்க எல்லாருமே உள்ளதான இருக்கோணும்?" என்றார் அம்மா.

"ஆமா."

"அப்ப இவளும்?"

"நான் எதுக்கும்மா?"

"நீதான சாமி செயலாளரு." என் போனையும் வாங்கிக்கொண்டு என்னையும் உள்ளே விட்டு வெளித்தாழ்ப்பாள் போட்டார். அறையை ஒட்டிக் குளியலறை உண்டு. அம்மா எல்லாவற்றையும் யோசித்திருந்தார். மதியச் சோறு ஜன்னல் வழியாக வந்தது.

"பண்ணைக்கு எப்பிடிப் போவ?" என்று ஜன்னலில் அப்பா கேட்டார்.

"அதை நான் பாத்துக்கறனுங்க. நீங்க நாட்டப் பாருங்க."

காலை எட்டு முதல் சாயங்காலம் ஐந்து வரை நானும் அப்பாவும் உள்ளே விவாதித்தோம். கல்விச் செலவில் எனக்கு ஒரு வெற்றி. மளிகையில் அவருக்கு ஒரு வெற்றி. ஸ்கூட்டரில் மூன்று மணி நேரம் மோதினோம். நான் தோற்றேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: அப்பா தன்னையும் விடவில்லை. 'முன்னுதாரணமாக, குடும்பத் தலைவரின் பைக் பெட்ரோல் பாதியாகக் குறைக்கப்படுகிறது. நாமக்கல்லுக்கு இனி பஸ்' என்று தன் கையாலேயே எழுதினார். நேர்மையான மனிதர். அதுதான் அவரிடம் சண்டை போடுவதில் உள்ள கஷ்டம்.

ஐந்து மணிக்குத் தாழ்ப்பாள் திறந்தது. கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. அம்மா புதுச்சேலையில் கீழே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அங்கம்மாள் அக்கா. பொதுமக்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

அப்பா எழுந்து நின்று கனைத்தார். "இந்த ஊட்டின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்கிறேன். தீவன விலையேற்றத்தைக் கருதி, இந்த வருடம் ஸ்கூட்டர்..."

"ஏனுங்க" என்றார் அம்மா. "பூட்டு வரிசைய மொதல்ல படிக்கோணுமல்ல?"

"என்ன பூட்டு?"

"எந்தக் கொம்பன் வந்தாலும் அதைக் கட்டிட்டுத்தான் மத்ததுக்குப் போகோணும்னு இவ சொன்னாளே. அதைத்தானுங்க."

"நம்மூட்டுக்கு ஏது அந்த வரிசை? எனக்குக் கடனே கெடையாதே."

அம்மா மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மகளிர் குழுக் கடன். வாகனத்துக்கு. மாதத் தவணை, இரண்டு வருடம். கடன்தாரர் கந்தம்மாள். இணைக் கடன்தாரர் குழந்தைவேல். மூன்று கையெழுத்து, அழகாக, கோடு தாண்டாமல்.

"இது என்ற கையெழுத்துத்தான்... எப்ப போட்டேன் இதை?"

"நாலாம் வருசத்துல ரூபா சரிஞ்சுதுங்களே. அப்ப."

அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். அங்கே பூட்டுப் படம் இல்லை. இருந்தாலும் இருந்த மாதிரிதான்.

"தவணை கட்டலைன்னா?" என்றார் மெதுவாக.

அங்கம்மாள் அக்கா முதல்முறையாக வாய் திறந்தார். "ஒண்ணும் ஆவாதுங்கண்ணா. குழுவுல மீதி ஒம்பது பேரும் உங்க வாசல்ல வந்து உக்காந்துக்குவோம். கட்டுறமுட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். நாட்டைக் கவிழ்த்த அன்றுகூட அந்தப் பார்வை இல்லை. "சொல்லு சாமி. படிச்ச புள்ளதான நீயி. இதுக்கு வழியே கெடையாதா?"

பொய் சொல்ல வரவில்லை எனக்கு. "பூட்டு வரிசையப் பத்தி விவாதம் பண்ணலாமுங்கப்பா. ஓட்டெடுப்புக் கெடையாது. நாடாளுமன்றத்துலயும் இதேதான்."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் விவாதம் பண்ணிட்டு இருங்க" என்று அம்மா எழுந்தார். "பொழுதாவுது, கோழிக்குத் தண்ணி பாக்கோணும். நான் போய்ட்டு வாரேன்."

வாசலில், அல்வா நிறத்தில் ஒரு ஸ்கூட்டர். முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. அம்மா சேலையை இழுத்துச் செருகினார், ஏறினார், சாவியைத் திருகினார். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் திரும்பி வாசலைத் தாண்டியது.

"இவளுக்கு ஓட்டத் தெரியுமா?" என்றார் அப்பா.

"என்ற வண்டியிலதானுங்கண்ணா பழகுனா, பள்ளிக்கூட மைதானத்துல" என்றார் அங்கம்மாள் அக்கா. "நீங்களும் பாப்பாவும் சாயங்காலம் நாட்டைப் பாத்துட்டிருந்தீங்களே, அந்த நேரத்துல. ஒரு நா மட்டும் உழுந்து கால்ல அடிபட்டுப்போச்சு."

தீவன மூட்டை! ஆறு வருடம், ஐந்நூறு வாதம், ஒரு வரைபடம். என் அம்மா ஒரு வாதமும் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் நான்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த விளையாட்டை அவர் இன்றுவரை தொட்டதில்லை. என் அறிக்கையில் மூன்றாம் ஆளின் பெயருக்கு எதிரே 'ஆட மறுத்துவிட்டார்' என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். இருபதுக்குப் பதினாலு போட்டார்கள். அதற்கும் வாதாடவில்லை.

அப்பா சொன்ன சொல் தவறாதவர். பெட்ரோலைப் பாதியாக்கினார். பைக் வாரத்தில் மூன்று நாள் கொட்டகையில் நின்றது. நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போய் வந்தார்.

போன செவ்வாய்க்கிழமை நான் சேலத்திலிருந்து வந்து ஸ்டாப்பில் இறங்கினேன். அங்கே புளியமரத்தடியில் அப்பா நின்றிருந்தார். கையில் மஞ்சப்பை.

"இங்க என்னங்கப்பா பண்றீங்க?"

"உங்கம்மா ரெண்டு மணிக்கு வாரேன்னா சாமி. நான் கொண்டுட்டுப் போய் உடமாட்டனான்னு கேட்டா."

மணி பார்த்தேன். இரண்டு நாற்பது.

அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் கேட்டார்:

"ஏஞ்சாமி, என்னைக் கூட்டிட்டுத்தான் மத்த சோலிக்குப் போகோணும்னு உங்கம்மாகிட்டச் சொல்லி அந்தப் பூட்டு வரிசையில எனக்கும் ஒரு எடம் வாங்கிக் குடேன்."